கூலியாய் வந்தவர்கள் வளர்த்த கொடி

"ஒயினுக்குப் பேர் போன இடத்துக்குப் பெண்டாட்டியையும் அழைத்துக்கொண்டு உல்லாசப் பயணமா? குடும்பம் உருப்பட்டாற்போலத்தான்!"

வாசக நேயர்களே, இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்கியதும் உங்களில் சிலர் இப்படி முணுமுணுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முணுமுணுப்பதில் தவறில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குடி என்றாலே சம்பள நாள் மாலைதான் கண்முன் வரும். நானும் அந்த லயத்தில் வளர்ந்தவள்தான். ஆனாலும் சொல்கிறேன், கணவனும் மனைவியுமாய் ஒரு நாள் போய்ப் பார்த்து வரவேண்டிய இடம் இது. குடிக்க வேண்டும் என்பதில்லை. கொடியைப் பார்க்கலாம். கொடியை நட்டவர்களின் கதையைக் கேட்கலாம். அந்தக் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

அந்த இடத்தின் பெயர் சுவான் பள்ளத்தாக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் பட்டணத்தின் வடகிழக்கே இருக்கிறது.

எங்கே, எவ்வளவு தூரம்?

நம் பிள்ளைகளில் பலர் பெர்த்தில் படித்திருக்கிறார்கள், இன்னும் படிக்கிறார்கள். பட்டமளிப்புக்குப் போகிறவர்கள், பிரசவம் பார்க்கப் போகிறவர்கள், சும்மா எட்டிப் பார்த்து வரப் போகிறவர்கள் என்று நம்மவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஐந்தரை மணி நேரம், சிங்கப்பூரிலிருந்து ஐந்து மணி நேரம். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான். கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை, தூக்கம் கெடுவதுமில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒயின் என்றால் எல்லோரும் மார்கரெட் ரிவர் என்றுதான் சொல்வார்கள். உலகப் புகழ் பெற்ற வட்டாரம் அது. ஆனால் பெர்த்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். போனால் இரவு தங்காமல் திரும்ப முடியாது. தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கூடிவிடும்.

சுவான் பள்ளத்தாக்கு அப்படியல்ல. பட்டணத்திலிருந்து 25 நிமிடத்தில் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நிற்கலாம். பெர்த் விமான நிலையமோ இன்னும் பக்கம். காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால், பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிடலாம். அறை வாடகை கிடையாது. ஆனாலும் வெளிநாட்டார் பலருக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.

மகளுக்கு அன்றைக்கு வகுப்பு. "நீங்கள் இரண்டு பேரும் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள் அம்மா" என்று காரை எங்களிடம் கொடுத்துவிட்டாள். அது பிப்ரவரி மாதம், கொடிகளில் பழம் தொங்கும் காலம்.

செலவு எவ்வளவு? யார் ஓட்டுவது?

கார் இல்லாதவர்கள் பெர்த் நிலையத்தில் மிட்லண்ட் போகும் இரயிலில் ஏறி, கில்ட்ஃபோர்டில் இறங்கலாம். பள்ளத்தாக்கின் வாசல் போன்ற ஊர் அது. அங்கிருந்து டாக்சி பிடிக்கலாம். கால் வலு உள்ள இளந்தம்பதியர் சைக்கிளிலும் போகலாம், பள்ளத்தாக்கு பெரும்பாலும் சமநிலம்தான். பெர்த் படகுத்துறையிலிருந்து ஆற்று வழியே படகில் போவோரும் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் செலவு கூடுதல்.

கார் உள்ளவர்களுக்கு இன்னும் எளிது. மேற்கு சுவான் சாலை ஒரு பக்கம், பெரிய வடக்கு நெடுஞ்சாலை மறுபக்கம். இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் 32 கிலோமீட்டர் வட்டம். வழியெங்கும் ஒயின் தயாரிக்கும் தோட்டங்கள், பழக்கடைகள், தேன் விற்கும் இடங்கள், சாக்லேட் கடைகள். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. சில தோட்டங்களில் ஒயினைச் சுவை பார்ப்பதற்குச் சிறு கட்டணம் வாங்குவார்கள், ஒரு பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துவிடுவோரும் உண்டு. 20 ஆஸ்திரேலிய வெள்ளிக்கு முன்னே பின்னே கொடுத்தால் குடும்பத் தோட்டத்தின் நல்ல பாட்டில் ஒன்று கிடைக்கும். நடுவில் கடைக்காரன் இல்லை, பயிரிட்டவனே விற்கிறான்.

ஒன்றை மட்டும் புறப்படுமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். யார் ஓட்டுவது? அங்கே இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருந்தால் ஓட்டக்கூடாது. காவலர்கள் எந்தச் சாலையிலும் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்வார்கள். 100 மில்லி லிட்டர் ஒயினை ஓர் அளவுக் குடி என்று அந்நாட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு இடத்தில் நான்கு வாய் என்றாலும் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

எங்கள் வீட்டில் இதற்கு வாதமே இல்லை. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார்.

"நீயே வைத்துக்கொள். இன்றைக்கு நீதான் டிரைவர்."

"சாயங்காலம் வரைக்கும் சாவி என்கிட்டதான் இருக்கும்ங்க" என்றேன்.

துரைமார் காலம்

இனி அந்த மண்ணின் கதைக்கு வருவோம்.

1697-இல் டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங் இந்த ஆற்றுக்கு வந்தபோது கறுப்பு அன்னங்களைக் கண்டு வியந்தார். அதனால்தான் ஆற்றுக்கு அன்னத்தின் பெயர், அதாவது சுவான். அதற்கும் பல்லாயிரம் ஆண்டு முன்பிருந்தே அங்கே வாழ்ந்தவர்கள் நூங்கார் மக்களில் வாஜக் பிரிவினர். ஆற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயர் டெர்பார்ல் யெரிகன். 1829-இல் ஆங்கிலேயர் வந்து குடியேறியதும், ஆற்றோர நிலமெல்லாம் அளந்து பங்கு போடப்பட்டது. நிலத்துக்கு உரியவர்களை யாரும் கேட்கவில்லை. அழகான இடம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

வந்த சில மாதங்களிலேயே கொடி நட ஆரம்பித்துவிட்டார்கள். குடியேற்றத்தின் முதல் தலைமை நில அளவையாளர் ஜான் செப்டிமஸ் ரோ. அவர் 1840-இல் பெற்ற நிலம்தான் இன்று சாண்டல்ஃபோர்ட் என்ற பெயரில் இருக்கும் பெரிய ஒயின் தோட்டம்.

இன்னொரு தோட்டத்தின் கதை நமக்கு மிகவும் பழக்கப்பட்டதுபோல் இருக்கும். அதன் பெயர் ஹோட்டன். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயப் படை அதிகாரிகள் சிலர் கூட்டாகப் பணம் போட்டு வாங்கிய நிலம் அது. அவர்களில் மூத்தவர் கர்னல் ரிச்மண்ட் ஹோட்டன். தோட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் அந்தத் தோட்டத்தை ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை! முதலாளி ஒரு நாட்டில், தோட்டம் ஒரு நாட்டில். நம் ரப்பர்த் தோட்டங்களின் பழைய பெயர்ப் பலகைகள் உங்களுக்கு நினைவு வருகின்றனவா?

1859-இல் டாக்டர் ஜான் ஃபெர்குசன் என்ற அரசாங்க மருத்துவர் அந்தத் தோட்டத்தை வாங்கினார். அந்த ஆண்டு விற்பனைக்கென்று எடுத்த முதல் ஒயின் 25 காலன். இன்றைய பாட்டிலில் ஊற்றினால் ஏறத்தாழ 150 பாட்டில்தான் வரும். அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து ஹோட்டன் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெரிய பெயராக வளர்ந்தது. ஜாக் மான் என்பவர் அங்கே 51 அறுவடைக்கு ஒயின் தயாரித்தார். 1937-இல் அவர் வெளியிட்ட வெள்ளை ஒயின், விலை குறைவாக இருந்ததால் ஆஸ்திரேலியா முழுதும் சாதாரணக் குடும்பங்களின் சாப்பாட்டு மேசைக்குப் போனது.

கூலிகளாய் வந்தவர்கள்

இதுவரை சொன்னது துரைமார் கதை. இந்தப் பள்ளத்தாக்கில் சாலையோரப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால், "இச்" என்று முடியும் பெயர்களாக வந்துகொண்டிருக்கும். அவர்கள் யார்?

ஐரோப்பாவில், இத்தாலிக்கு எதிர்க்கரையில் டால்மேஷியா என்ற கடலோரப் பகுதி உண்டு. இன்று அது குரோஷியா நாட்டைச் சேர்ந்தது. கல்லும் கரடுமான அந்த மண்ணில் ஏழைக் குடியானவர்கள் திராட்சையை நம்பித்தான் வாழ்ந்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்த ஒரு பூச்சி, ஃபிலாக்சரா என்று அதன் பெயர், கொடியின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமாய் அழித்தது. 1890-களில் அது டால்மேஷியாவுக்கும் வந்து சேர்ந்தது. கொடி செத்தது, குடும்பம் கலைந்தது. வயசுப் பிள்ளைகள் கப்பலேறினார்கள்.

அவர்களில் பலர் வந்து இறங்கிய இடம் மேற்கு ஆஸ்திரேலியா. 1893-இல் கல்கூர்லியில் தங்கம் கண்டெடுத்திருந்த நேரம். சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் அடுப்பெரிக்கவும் வெயில் காட்டில் மரம் வெட்டினார்கள். மொழி தெரியாது. பெயரைச் சொன்னால் கேட்பவருக்கு வாயில் நுழையாது. அப்போது டால்மேஷியா ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்ததால், 1914-இல் முதல் உலகப் போர் வந்ததும் "எதிரி நாட்டார்" என்று சொல்லி அவர்களில் பலரைப் பிடித்து, பெர்த்துக்கு அப்பால் கடலில் இருக்கும் ராட்னெஸ்ட் தீவில் அடைத்து வைத்தார்கள். 1934 ஜனவரியில் கல்கூர்லியில் பெருங்கலவரம் வெடித்தது. இத்தாலியர், சிலாவியர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் காசு சேர்த்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு சுவான் பள்ளத்தாக்கின் பெரிய நிலங்கள் பல, சிறு துண்டுகளாகப் பிரிந்து விலைக்கு வந்தன. சுரங்கத்திலும் காட்டிலும் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு துண்டு வாங்கினார்கள். ஊரில் இழந்த கொடியை இங்கே நட்டார்கள். பகலில் பிறர் தோட்டத்தில் கூலி, மற்ற நேரத்தில் சொந்த நிலத்தில் வேலை. பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து பழம் பறித்தார்கள், உலர் திராட்சை காய வைத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பீப்பாயில் ஒயின் ஊறவைத்து, வாசலுக்கு வந்தவர்களுக்கு அளந்து விற்றார்கள்.

தோட்டத்து நேயர்களே, நம் பாட்டன்மாரும் இதே காலத்தில்தான் கப்பலேறினார்கள். அவர்களும் காட்டை அழித்தார்கள், நிரை பிடித்தார்கள், மரம் நட்டார்கள். ஒரே ஒரு வித்தியாசம். டால்மேஷியாக்காரன் கையில் நிலத்துக்குப் பட்டா இருந்தது.

கடை மேசையில் கண்டது

நாங்கள் முதலில் போனது ஒரு சின்னக் குடும்பத் தோட்டம். தகரக் கொட்டகை, உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மேசைக்குப் பின்னால் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். பேரப் பிள்ளை கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு வாய் அளவு ஊற்றிக் கொடுப்பார்கள். முகர்ந்து பார்த்து, வாயில் வைத்துச் சுழற்றி, வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பிவிடலாம். துப்பினால் யாரும் தவறாக நினைப்பதில்லை, துப்புவதற்கென்றே வாளி வைத்திருக்கிறார்கள்.

ஒயின் எப்படி உண்டாகிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைப்பார்கள். சிவப்பு ஒயினுக்குக் கறுப்புத் திராட்சையைத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பார்கள், நிறம் தோலிலிருந்துதான் இறங்குகிறது. புளிக்கும்போது பாதியில் பிராந்திச் சாராயம் சேர்த்தால் புளிப்பு நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும். அது இன்னொரு வகை, மது அளவும் கூடுதல். சுவான் பள்ளத்தாக்கு வெயில் மிகுந்த இடம். கோடையில் 40 பாகையைத் தொடும் நாள்களும் உண்டு. பழத்தில் இனிப்பு ஏறிவிடும். அதனால் இந்த இனிப்பு வகைக்கு இங்கே பழைய பெயர் உண்டு. வெள்ளையில் செனின் பிளாங்க், வெர்டெல்யோ என்ற இரண்டு பழங்கள் இவ்வூருக்குப் பேர் வாங்கித் தந்தவை.

என் வீட்டுக்காரர் மூன்று வகையை ருசி பார்த்தார். நான் திராட்சைச் சாறு கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்தப் பாட்டி என்னிடம் காரணம் கேட்கவில்லை. தன் மாமனார் காட்டில் மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய நிலம் இது என்று மட்டும் சொன்னார்.

அங்கே நின்றபோது எனக்கு எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை நினைவு வந்தது. சம்பள நாள் மாலையில் என் அம்மா, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கடைக்கு எதிரே மரத்தடியில் நிற்பார். அப்பா வெளியே வருவதற்குள் சட்டைப் பையில் மிச்சம் இருப்பதை வாங்கிவிட வேண்டும். தென்னை மரத்தில் இறங்கிய கள்ளும் திராட்சையில் புளித்த ஒயினும் ஒரே இயற்கையின் வேலைதான். ஆனால் அந்தக் கள்ளுக்கடை வருமானத்தில் குடித்தவன் வீட்டுக்கு ஒரு காசும் வந்ததில்லை. காலையில் தோட்டம் கொடுத்த கூலி, மாலையில் தோட்டத்துக் கடைக்கே போய்ச் சேர்ந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். குடிப்பவர்களே கடையை மூடு என்று கேட்டார்கள் என்றால், அந்தக் கடை யாருக்காக நடந்தது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

சுவானில் குடி கெடுக்காத குடும்பமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடி எந்த நாட்டிலும் குடிதான். அங்கே கொடியை வெட்டிவிட்டவரே பாட்டிலுக்கு விலை சொல்கிறார், வந்த காசு அந்த வீட்டுப் பெட்டிக்கே போகிறது. என் மனதைத் தொட்டது அதுதான்.

குடிக்காதவர்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை சாலையோரத்தில் பறித்த பழத்தைப் பெட்டி பெட்டியாய் விற்பார்கள். கடைத்தெருவில் நாம் வாங்கும் திராட்சைக்கும், வெயில் சூடு ஆறாமல் கையில் வாங்கும் திராட்சைக்கும் சம்பந்தமே இல்லை. தேன், உலர் திராட்சை, ஆலிவ் எண்ணெய் எல்லாம் கிடைக்கும். பிள்ளைகளோடு போனால் பக்கத்திலேயே வைட்மன் பூங்கா இருக்கிறது, அதற்குள் கங்காருவுக்குக் கையால் தீனி கொடுக்கும் இடமும் உண்டு. கில்ட்ஃபோர்ட் ஊரில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. வாங்காவிட்டாலும் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு உணவகம் போனால்தான் செலவு கூடும். நாங்கள் மகள் வீட்டிலிருந்து புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டிக்கொண்டு போனோம். ஆற்றோர மரநிழலில் பாயை விரித்துச் சாப்பிட்டோம். கல்யாணமாகி இத்தனை ஆண்டில், பிள்ளைகள் இல்லாமல், உறவுக்காரர் இல்லாமல், நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"உங்க அம்மா இதைப் பார்த்திருக்கணும்" என்றார் அவர், நிரை நிரையாய் நின்ற கொடிகளைக் காட்டி.

பெரிய தோட்டம் கைமாறியது

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

கண்ணால் காணாத கர்னலின் பெயரைத் தாங்கி நின்றதே ஹோட்டன் தோட்டம், அது காலப்போக்கில் பெரிய கம்பெனிகளின் கைக்குப் போனது. 2019-இல் அந்தக் கம்பெனி சுவான் பள்ளத்தாக்கிலிருந்த நிலத்தையும் பழைய கட்டடங்களையும் விற்க முன்வந்தது. வாங்கியவர்கள் யார் தெரியுமா? யுக்கிச் குடும்பத்தார். குரோஷியாவிலிருந்து வந்து அதே பள்ளத்தாக்கில் கொடி நட்ட ஒரு குடியேறியின் வாரிசுகள். வாங்கியதும் அந்தத் தோட்டத்துக்கு வேறு பெயர் வைத்தார்கள். கர்னலின் பெயர் போனது. குடும்பத்தின் முதல் தலைமுறைக்காரரான நிக்கோலாவின் பெயர் வந்தது. இன்று அது நிக்கோலா எஸ்டேட்.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவருடைய அப்பா நாற்பது ஆண்டு பால் வெட்டிய தோட்டத்தில் இன்று வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. அதில் ஒரு வீடுகூட அவர்கள் பெயரில் இல்லை.

நம் நாட்டிலும் இந்த வழியைச் சிந்தித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளியின் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பால் வெட்டிய கைக்கே பங்குச் சீட்டு வந்தது. அந்தப் பத்து வெள்ளியைக் கள்ளுக்கடைக்குக் கொடுக்காமல் கூட்டுறவுக்குக் கொடுத்த ஒவ்வொரு பாட்டனும் ஒரு நிக்கோலாதான்.

வாங்கினால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். பெர்த் பட்டணம் வளர்ந்து வளர்ந்து பள்ளத்தாக்கின் ஓரம்வரை வந்துவிட்டது. கொடி இருக்கும் நிலத்தைவிட வீடு கட்டும் நிலத்துக்கு விலை அதிகம். அதனால் கண்டபடி நிலத்தைத் துண்டு போடாமல் தடுக்க 1995-இல் இந்தப் பள்ளத்தாக்குக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். 2020-இல் அதை மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். நிலத்தை விற்க விரும்பும் சிலருக்கு இதில் வருத்தம் இருக்கலாம். ஆனாலும் பட்டணத்துக்கு 25 நிமிடத் தூரத்தில் இன்னும் பச்சைக் கொடி நிற்கிறதென்றால், சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பழம் பார்க்க வேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். வெயில் கடுமை, தொப்பியும் தண்ணீரும் அவசியம். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் அங்கே குளிர்காலமும் மழைக்காலமும். இலை உதிர்ந்து கொடி வெறுங்குச்சியாய் நிற்கும், கவாத்து நடக்கும். செப்டம்பரில் புதுத் துளிர் வரும். அந்த நேரம் கண்ணுக்குக் குளிர்ச்சி, உடம்புக்கும் இதம்.

சின்னத் தோட்டங்கள் பல எல்லா நாளும் திறப்பதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் ஏமாற்றம் இராது. ஒரு நாளில் மூன்று தோட்டம் போதும். அதற்கு மேல் போனால் நாக்கும் மரத்துவிடும், பேசவும் நேரம் இராது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு மது கொடுக்கமாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது, கொண்டுபோகும் உணவுப் பொருளை மறைக்காமல் படிவத்தில் எழுதிவிடுங்கள். கறிவேப்பிலை, பழம், விதை எதுவானாலும் சரி. அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவை அழித்த அந்த வேர்ப் பூச்சி மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. நம் ரப்பருக்குத் தென்னமெரிக்க இலை நோய் வந்துவிடாமல் நாம் காவல் காப்பதுபோல், அவர்கள் கொடிக்குக் காவல் காக்கிறார்கள். ஊர் திரும்பும்போது பாட்டில் கொண்டுவருவதானால், இங்குள்ள சுங்க விதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கு முன்னால் நின்று "எது மலிவு?" என்று கேட்பதற்கு முன், "இந்தக் கொடியை முதலில் நட்டவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் முகம் மலரும். பீப்பாய்க்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படத்தைக் காட்டுவார்கள். கேட்டுவிட்டு வந்து உங்கள் பேரப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அப்படியே நம் வீட்டுப் பாட்டன் எந்தத் தோட்டத்தில், எந்த நிரையில் மரம் நட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதற்கு விமானச் சீட்டு வேண்டியதில்லை.